நாய்க்கும் உண்டு பத்தியம்



பத்தியம் என்றால் என்னவென்று எங்கள் பெண்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காயச்சரக்கு அரைத்துக் கறி வைத்திருக்கிறோம். நாட்டு வைத்தியர் மருந்து தந்தால் புளி கூடாது, கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது என்று அவர் சொன்னதை ஒரு மண்டலம் காத்திருக்கிறோம். ஆனால் ஒரு நாய்க்காக எட்டு வாரம் பத்தியம் காத்த வீட்டை நான் அண்மையில்தான் கண்டேன். அந்தக் கதையையும், அதன் மூலம் நான் அறிந்துகொண்டதையும் இம்முறை இப்பக்கத்தில் எழுதுகிறேன்.

வடமராட்சியில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் ஒரு மாமி தனியே இருக்கிறார். ஆண்பிள்ளைகள் இருவரும் கனடாவில். மகள் பக்கத்து ஊரில் கலியாணம் முடித்து இருக்கிறாள். இரவில் மாமிக்குத் துணை ரைகர் என்ற நாய்தான். நாட்டு நாய், மூன்று வயது. பனையோலை விழுந்தாலும் குரைப்பான். தனியே படுக்கிற ஒரு பெண்ணுக்கு அந்தக் குரைப்பு எவ்வளவு பெரிய விடயம் என்பது, அப்படிப் படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கும்.

அந்த ரைகருக்கு ஒரு வருடமாகச் சொறி. முன்னங்கால்களை ஓயாமல் நக்கி நக்கி வெள்ளை உரோமம் துருப்பிடித்த நிறமாகிவிட்டது. காதுக்குள் கெட்ட மணம். வயிற்றிலும் கமக்கட்டிலும் உரோமம் உதிர்ந்து தோல் கறுத்துத் தடித்துப் போயிற்று. இரவெல்லாம் திண்ணையில் காலால் அடித்து அடித்துச் சொறிகிற சத்தம் எங்கள் வீட்டுக்கும் கேட்கும்.

மகளின் சின்னப் பிள்ளைக்குக் கழுத்தில் குரு போட்டதும் பிரச்சினை பெரிதாயிற்று. "நாயின்ர சொறிதான் பிள்ளைக்குத் தொத்தியிருக்கு. உதைக் கொண்டுபோய் எங்கையாவது சந்தையடியிலை விட்டிட்டு வாறன்" என்று மருமகன் சொல்லிவிட்டார். மாமி வேலிக்கு அருகில் வந்து நின்று, "பிள்ளை, நான் என்ன செய்ய? பேரப்பிள்ளையோ நாயோ எண்டு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று அழுதார்.

கோபப்படுவதற்கு முன் ஒரு மிருக வைத்தியரிடம் காட்டுவோம் என்று மருமகனிடம் கேட்டுக்கொண்டோம். அவரும் பொல்லாதவர் அல்லர். பிள்ளைக்குப் பயந்த தகப்பன்தான். முச்சக்கர வண்டியை அவரே பிடித்து வந்தார்.

வைத்தியர் தோலை மெல்லச் சுரண்டி எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தார். சிரங்குப் பூச்சி இல்லை என்றார். இதை எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. நாய்களுக்கு வருகிற சொறிகளில் ஒரு வகை, கண்ணுக்குத் தெரியாத பூச்சி தோலைத் துளைப்பதால் வருவது. காதின் ஓரத்திலும் முழங்கையிலும் அதிகம் காணப்படும். அது மனிதருக்கும் தொற்றிச் சில காலம் கடிக்கும். ஒவ்வாமையால் வரும் சொறி அப்படியல்ல, அது நாயிலிருந்து யாருக்கும் தொற்றாது. இரண்டையும் வெறும் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. ஒரு தடவை சுரண்டிப் பார்த்துப் பூச்சி அகப்படவில்லை என்பதாலும் இல்லையென்று அடித்துச் சொல்ல முடியாது என்று கூறி, வைத்தியர் அந்தப் பூச்சிக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தார். பிள்ளையின் கழுத்தில் இருந்தது வேர்க்குரு என்று ஆஸ்பத்திரி டொக்டர் சொன்னார். மருமகன் வாய் திறக்கவில்லை.

அதற்கு முன் ரைகருக்கு நடந்த வைத்தியங்களைக் கேட்டால் கவலையாக இருக்கும். யாரோ சொன்னார்கள் என்று வாகனத்திலிருந்து எடுத்த கழிவு ஒயிலைப் பூசியிருக்கிறார்கள். அது தோலை எரிக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள்ளும் போகும். நஞ்சு. எங்கள் ஊர்களில் இன்னும் இந்த வழக்கம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். பிறகு உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரத்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிப்பாட்டல். ஏற்கெனவே வெடித்த தோல் அதனால் இன்னும் காய்ந்தது. எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கிற பரசிற்றமோல் போன்ற குளிசைகளையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு ஒரு குளிசையே உயிரைக் குடித்துவிடும்.

வைத்தியர் உணவைப் பற்றி உடனே பேசவில்லை. முதலில் தெள்ளைப் பற்றித்தான் கேட்டார். எங்கள் போன்ற வெப்பமான இடங்களில் நாய்கள் சொறிவதற்கு முதற் காரணம் தெள்ளுதான். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒன்றிரண்டு கடி போதும், நாட்கணக்கில் சொறியும். "எங்கடை நாயிலை தெள்ளு இல்லை" என்று மாமி உறுதியாகச் சொன்னார். வைத்தியர் ஈரமாக்கிய வெள்ளைக் கடதாசியை விரித்து, வாலடியில் உரோமத்தைத் தட்டிக் காட்டினார். விழுந்த கறுப்புத் தூள் ஈரத்தில் ஊறிச் செம்மண் நிறமாயிற்று. அது தெள்ளின் எச்சம், அதாவது நாயின் இரத்தம். இந்தச் சோதனையை நீங்களும் வீட்டில் செய்து பார்க்கலாம்.

நாயின் மேல் காணப்படும் தெள்ளு சிறு பங்குதான். முட்டையும் புழுவும் கூடும் மணலிலும் சாக்கிலும் திண்ணை வெடிப்பிலும் கிடக்கும். ஆகவே மருந்தை நாய்க்குப் பூசுவது மட்டும் போதாது. மாமி ரைகர் படுக்கிற சாக்கைக் கிழமைக்கு ஒரு தடவை கொதிநீரில் அவித்துச் சுடுவெயிலில் போட்டார். திண்ணையைத் தினமும் கூட்டி, கூட்டிய குப்பையை எரித்தார். வீட்டிலிருந்த பூனைக்கும் அதற்குரிய மருந்தைத் தனியாக வாங்கினோம். நாய்க்கென்று விற்கப்படும் சில தெள்ளு மருந்துகளில் பேமெத்ரின் என்ற இரசாயனம் இருக்கிறது. அது பூனையைக் கொன்றுவிடும். ஒன்றை வாங்கி இரண்டுக்கும் பூசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். காதுப் புண்ணுக்கும் தோலில் பிடித்திருந்த கிருமிக்கும் தனியே மருந்து நடந்தது.

ஒரு மாதத்தில் வாலடிச் சொறி நின்றது. ஆனால் கால் நக்குவதும் காது நாறுவதும் நிற்கவில்லை. அப்போதுதான் வைத்தியர் சாப்பாட்டுப் பேச்சை எடுத்தார்.

"நான் புதுசா ஒண்டும் குடுக்கேல்லையே டொக்டர், எப்பவும் திண்ணுறதைத்தான் திண்ணுறான்" என்றார் மாமி. எங்கள் எல்லோருக்கும் இருக்கிற தவறான எண்ணம் இதுதான். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் நேற்றுக் கொடுத்த புதுச் சாப்பாட்டால் வருவதில்லை. மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் தின்று பழகிய சாப்பாட்டிலுள்ள புரதத்தையே உடம்பு ஒருநாள் எதிரியென்று நினைக்கத் தொடங்கிவிடுகிறது. 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், உணவு ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட 297 நாய்களின் விபரம் இருக்கிறது. அவற்றில் நூற்றுக்கு 34 நாய்களுக்கு மாட்டிறைச்சியும், 17 நாய்களுக்குப் பாற்பொருட்களும், 15 நாய்களுக்குக் கோழியும், 13 நாய்களுக்குக் கோதுமையும் ஒத்துக்கொள்ளவில்லை. மீனும் அரிசியும் நூற்றுக்கு இரண்டு என்ற அளவில்தான். எந்த உணவு அதிகம் ஊட்டப்படுகிறதோ அதுவே பட்டியலில் மேலே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது எங்கள் ஊர் நாய்களின் கணக்கல்ல.

கனடாவிலிருந்து மூத்த மகன் வட்ஸ்அப்பில் கதைத்து, "அம்மா, மீனும் வற்றாளங்கிழங்கும் குடுங்கோ. இஞ்சை அலர்ஜி நாய்களுக்கு அதுதான் குடுக்கிறவை" என்றான். நல்ல யோசனைதான். ஆனால் கனடா நாய்க்குத்தான் மீன் புதுச் சாப்பாடு. ரைகரோ குட்டியாக வந்த நாள்தொட்டு மீன்தலையும் செதிலும் தின்று வளர்ந்தவன். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கிற பத்தியத்தில் நாய் முன்பு ஒருபோதும் தின்றிராத ஒரு புரதமும், அதேபோல் ஒரு மாப்பொருளும் மட்டுமே இருக்க வேண்டும். எது புதியது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

எனவே வைத்தியர் சொன்னபடி, ரைகர் ஒரு கிழமையில் தின்பதையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதினோம். எழுத எழுத மாமிக்கே வெட்கம் வந்துவிட்டது. சோறு, சொதி, மீன்தலை, கருவாட்டுத் துண்டு, பாண் ஓரம், தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கற், பால்மாவின் அடிமண்டி, முட்டைக் கோது, கோழிக் கழுத்து, வீட்டுக்கு வீடு வருகிற மோதகம், மகள் வீட்டு மாட்டிறைச்சிக் கறியின் மிச்சம், தேங்காய்ப்பூ. இதில் சொதி வேறு விதத்திலும் கெட்டது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கக்கூடியவை. கறிச்சட்டி கழுவிய தண்ணீரை நாய்க்கு ஊற்றுகிற பழக்கத்தை நானும் அன்றோடு விட்டுவிட்டேன்.

ரைகர் தின்னாதது எது? ஆட்டிறைச்சி விலை காரணமாக அந்த வீட்டுப் படலைக்குள் வருவது அருமை. ஆனால் மாட்டிறைச்சிக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஆட்டிறைச்சியும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், இரண்டின் புரதமும் நெருங்கியவை என்றார் வைத்தியர். மிஞ்சியது பன்றியிறைச்சி. மாமி சைவக்காரர். மச்சம் சமைப்பார், ஆனால் அதைக் குசினிக்குள் எடுக்கமாட்டார். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் கிணற்றடிக்கு அப்பால் மூன்று கல் வைத்து, ஒரு பழைய மண்சட்டியையும் தனி அகப்பையையும் எடுத்து வந்து, "அவனுக்கு மருந்தெண்டு நினைச்சுக் காய்ச்சிறன்" என்றார். மீன் கொண்டுவருகிற அக்கா தன் ஊரிலிருந்து கொழுப்புக் குறைந்த துண்டுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கொண்டுவந்து கொடுத்தார். பன்றியிறைச்சியைத் தொடாத வீடுகளில் வேறு வழி இருக்கிறது. மாட்டிறைச்சி பழகாத நாயானால் ஆட்டிறைச்சியைப் பார்க்கலாம். வசதியுள்ளவர்களுக்கு, புரதத்தைச் சிறு கூறுகளாக உடைத்துத் தயாரித்த விசேட உணவை வைத்தியர் எழுதித் தருவார். அது விலை கூடியது.

சமையல் மிக எளிது. இறைச்சியின் கொழுப்பை வெட்டி நீக்கி, நன்றாக வேகும்வரை அவிக்க வேண்டும். கொழுப்புக் கூடினால் நாய்க்குக் கணையம் வீங்கும் ஆபத்து உண்டு. வற்றாளங்கிழங்கைத் தோல் சீவி அவித்து மசித்துச் சேர்க்க வேண்டும். உப்பு, தூள், வெங்காயம், எண்ணெய் ஒன்றும் வேண்டாம். முதல் ஐந்தாறு நாள் பழைய சாப்பாட்டோடு சிறிது சிறிதாகக் கலந்து மாற்றினால் வயிற்றாலே போகாது. எட்டு வாரக் கணக்கு, பழைய சாப்பாடு முற்றாக நின்ற நாளிலிருந்துதான் தொடங்கும். அவித்த எலும்பை ஒருபோதும் போடக் கூடாது. உடைந்து குடலைக் குத்தும்.

சமைப்பதைவிடக் காவல் காப்பதுதான் கஷ்டம். ஒரு வீட்டு நாய்க்கு எத்தனை கைகள் சாப்பாடு போடுகின்றன என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? ரைகருக்கு ஏழு கைகள் என்று கணக்கெடுத்தோம், என்னுடையதையும் சேர்த்து. மாமி ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். "நாய்க்கும் பத்தியமோ?" என்று கேட்டவர்களும் உண்டு. மூன்றாம் வாரம் பேரப்பிள்ளை, பாட்டி பார்க்காத நேரம் கிறீம் பிஸ்கற் ஒன்றை நீட்டிவிட்டது. நாலாம் வாரம் பின்வளவில் ஒரு பிறந்தநாள் விருந்து. வேலிப் பொட்டுக்குள்ளால் போய் எச்சில் இலையெல்லாம் நக்கிவிட்டு வந்தான். இரண்டு நாளில் கால் நக்கல் திரும்பத் தொடங்கிற்று. மாமி அன்று சோறு சாப்பிடவில்லை. "நாலு கிழமை காத்தது தண்ணியிலை போட்டுது" என்றார். உண்மையில் முழுவதும் வீணாகவில்லை. பத்தியம் முறிந்தால் சொறி தணியும்வரை நாட்களைக் கூட்டிக்கொண்டு தொடர்ந்தால் போதும். வேலிப் பொட்டை மருமகன் வந்து ஓலை வைத்து அடைத்தார். இறைச்சிச் சுவை சேர்த்த பூச்சிக் குளிசைகளும் இந்தக் காலத்தில் ஆகாது, கொடுக்க வேண்டி வந்தால் சுவையூட்டாததைக் கேட்டு வாங்க வேண்டும்.

சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறும் சொறிக்குப் பத்துக்கு எத்தனை என்று மாமி புள்ளி போட்டார். தொடக்கத்தில் எட்டு. இரண்டாம் வாரமும் எட்டுத்தான், கைவிடத் தோன்றுவது அப்போதுதான். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் ஐந்து வாரத்தில் தேறிவிடும், எட்டு வாரம் காத்தால் தொண்ணூறுக்கு மேல் தேறும் என்று வைத்தியர் முதலே சொல்லி வைத்திருந்தபடியால் பொறுத்தோம். விருந்து நாளில் ஏறிய புள்ளி ஆறாம் வாரம் நாலுக்கு இறங்கிற்று. மேலும் இரண்டு வாரம் கூட்டிக் காத்தபோது இரண்டு. காதில் மணம் இல்லை. கமக்கட்டில் பூனைமயிர் போல் புதிய உரோமம் முளைத்திருந்தது. இரவில் சொறிகிற சத்தம் நின்று, அவன் குறட்டை விடுகிற சத்தம் எங்களுக்குக் கேட்கத் தொடங்கிற்று.

இந்த இடத்தில்தான் பலரும் நிறுத்திவிடுகிறார்கள். மாமியும் அப்படித்தான். "நல்லா இருக்கிறவனை ஏன் திரும்பக் கெடுப்பான்?" என்று கேட்டார். ஆனால் சாப்பாட்டை மாற்றிய பின் சுகம் வந்தது என்பதால் மட்டும் சாப்பாடுதான் குற்றவாளி என்று ஆகிவிடாது. தெள்ளு மருந்து வேலை செய்திருக்கலாம், காலநிலை மாறியிருக்கலாம். பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் நிச்சயம். அதோடு இறைச்சியும் கிழங்கும் மட்டும் வாழ்நாள் முழுவதும் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்தும் வேறு சத்துகளும் குறைந்துபோகும். செலவும் தாங்காது.

ஆகவே ஒன்று ஒன்றாகக் கொடுத்துப் பார்த்தோம். முதலில் அவித்த சூடை மீன், பத்தியச் சாப்பாட்டோடு தினமும் சிறிதளவு, இரண்டு வாரம். ஒன்றும் இல்லை. பிறகு சோறு. அதுவும் பிழையில்லை. பாணுக்கும் சொறியவில்லை. நாலாவதாக அவித்த கோழி. மூன்றாம் நாள் முன்னங்காலை நக்கினான். ஐந்தாம் நாள் காது சிவந்தது. உடனே நிறுத்தினோம். பத்து நாளில் அடங்கிவிட்டது.

கோழி என்றதும் மாமி திடுக்கிட்டார். சந்தியில் கோழிக் கடை திறந்த நாளிலிருந்து, கழுத்தும் தோலும் மலிவாகக் கிடைக்கிறதென்று கிழமைக்கு மூன்று நாள் அவனுக்கென்றே வாங்கி அவித்துப் போட்டவர் அவர். "ஆசையிலைதானே குடுத்தனான்" என்று சொல்லிச் சொல்லிக் கவலைப்பட்டார். கோழி கெட்ட சாப்பாடல்ல. அதே கடைக் கழுத்தைத் தின்கிற மற்ற நாய்கள் எல்லாம் மினுங்கிக்கொண்டு திரிகின்றன. ரைகரின் உடம்புக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் நாய்க்கும் இதைச் செய்ய நினைப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டியிருக்கிறது. சொறிகிற நாய்களில் உணவு காரணமானவை ஒரு பகுதி மட்டுமே. எட்டு வாரம் ஒழுங்காகக் காத்தும் மாற்றம் இல்லையென்றால், சாப்பாட்டை மேலும் மேலும் மாற்றி நாயை மெலியவிடாதீர்கள். தூசிப் பூச்சி, மகரந்தம் போன்றவற்றுக்கு ஒவ்வாமை இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. இரத்தம் எடுத்துப் பார்த்து எந்தச் சாப்பாடு கூடாது என்று சொல்கிற சோதனைகள் நம்பத்தக்கவையாக இல்லை, அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். வளர்கிற குட்டிக்கும் குட்டி ஈன்ற தாய்நாய்க்கும் வைத்தியரைக் கேளாமல் வீட்டுப் பத்தியம் வைக்கக் கூடாது. பக்கத்து அரச மிருக வைத்திய அலுவலகத்தில் மாடு ஆடுகளோடு நாயையும் காட்டலாம். சிக்கலானவற்றை அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவதும் உண்டு.

இப்போது ரைகருக்குச் சோறும், முள் எடுத்து அவித்த சூடையும், கொஞ்சம் பூசணிக்காயும், வைத்தியர் எழுதித் தந்த சுண்ணாம்புச் சத்துத் தூளும். மாமியின் தாய் அந்தக் காலத்தில் வளவு நாய்களுக்குப் போட்ட சாப்பாடும் ஏறக்குறைய இதுதானாம். கல் அடுப்பு இன்னும் கிணற்றடியில் இருக்கிறது, ஆனால் அதில் இப்போது மாமி குளிக்கத் தண்ணீர் சுட வைக்கிறார். பேரப்பிள்ளை வரும்போது சட்டைப் பையில் பிஸ்கற்றுக்குப் பதில் அவித்த வற்றாளங்கிழங்குத் துண்டு கொண்டுவருகிறது. சென்ற கிழமை மருமகன் வீட்டில் கோழிக் கறி. மிச்சத்தை நாய்க்கென்று பொதி செய்த மகளைப் பார்த்து, "அவனுக்குக் கோழி ஆகாதெண்டு தெரியாதோ?" என்று அவர்தான் அதட்டினாராம்.